குடும்பக் கூடம்: பந்தல் எந்த ஊரில்?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. தை பிறப்பதற்கு இரண்டு திங்களுக்கு முன்பே முன்பதிவுச் சாளரத்தில் வரிசை பிறந்துவிடும் என்பது இருப்புப்பாதை அலுவலகத்தில் காலந்தள்ளும் நம் போன்ற எழுத்தர்களின் அனுபவம். அவ்வரிசையில் நிற்கும் தமிழன்பர் பலருடைய கையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழும், முகத்தில் கவலையும் இருக்கக் காண்கிறோம். மகளுக்கு நல்ல இடம் அமைந்த மகிழ்ச்சி ஒருபுறம். சுற்றத்தாரையெல்லாம் ஓரிடத்தில் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்னும் மலைப்பு மறுபுறம்.

ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு இந்நாகபுரியில் குடியேறிய நம்மவர், தம் மக்களின் திருமணப் பந்தலை எந்த ஊரில் நாட்டுவது?

தாயகத்திலேயே வாழ்வோர்க்கு இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. பெண் வீட்டு ஊர், அல்லது பிள்ளை வீட்டு ஊர் என்று முடிந்துவிடும். நமக்கோ மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, சொந்த ஊருக்குச் சென்று நடத்துவது. இரண்டு, வாழும் ஊரிலேயே நடத்துவது. மூன்று, இரண்டுமல்லாத வேறோர் ஊரைத் தேர்ந்து, இரு வீட்டாரும் அங்கே கூடி நடத்துவது. இம்மூன்றாவது வழியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

இம்முறைக்கு இக்காலத்தார் ‘டெஸ்டினேஷன் வெடிங்’ என்று ஒரு பெயர் சூட்டியுள்ளனர். பெயரைக் கேட்டவுடன் உதயபுரி ஏரிக்கரை அரண்மனைகளும், கோவாக் கடற்கரைகளும், கோடிகளில் புரளும் செல்வர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. 2017-ஆம் ஆண்டில் கிரிக்கெட் வீரர் விராட் கோலியும் நடிகை அனுஷ்கா சர்மாவும் இத்தாலி நாட்டுக்குச் சென்று மணம் புரிந்தனர். 2022-இல் நடிகை நயன்தாராவின் திருமணம் மாமல்லபுரத்தில் நடந்தது. செல்வர்கள் அயல்நாடு செல்லாமல் இந்தியாவிலேயே திருமணம் நடத்த வேண்டும் என்று 2023-இல் பிரதமரே கேட்டுக்கொண்டார். ஆகவே இது பணம் படைத்தோரின் விளையாட்டு என்று நம்மவர் ஒதுங்கிவிடுகின்றனர்.

ஆனால் அன்பர்களே, பெயர்தான் புதிது, வழக்கம் நம்முடையது. “பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தால் உன் சந்நிதியிலேயே தாலி கட்டுகிறோம்” என்று திருச்செந்தூருக்கும் திருப்பதிக்கும் வேண்டிக்கொண்ட தாய்மார் எத்தனை பேர்! குருவாயூரில் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் ஒரே நாளில் 300-க்கு மேற்பட்ட திருமணங்கள் நடைபெற்றன. அத்தனை பேரும் அவ்வூரார் அல்லர். வடக்கே உத்தராகண்ட மாநிலத்தில் திரியுகி நாராயண் என்னும் மலையூர் இருக்கிறது. சிவபெருமான் பார்வதியை மணந்த இடம் அதுவே என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. அணையாமல் காக்கப்படும் வேள்வித் தீயின் முன் மணம் புரிய நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே செல்கின்றனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரையைப் பாருங்கள். சித்திரையில் மீனாட்சியம்மை திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்து முருகன் தெய்வானையுடன் புறப்பட்டு மதுரைக்கு எழுந்தருளுகிறான். பங்குனியில் முருகனுடைய திருக்கல்யாணத்துக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் திருப்பரங்குன்றம் செல்கின்றனர். தெய்வங்களே கல்யாணத்துக்கு ஊர் விட்டு ஊர் போய்வருகின்றன. மனிதர் நாம் போவதற்குத் தயங்குவானேன்?

இனி, இதன் நன்மைகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதல் நன்மை, அழைப்போர் தொகை யாருடைய மனமும் நோகாமல் சுருங்குவது. சொந்த ஊரில் பந்தல் போட்டால் தெரு முழுவதையும் அழைக்க வேண்டும். ஒருவரை விட்டால் ஒன்பது பேருக்குக் கோபம். வாழும் ஊரில் நடத்தினாலோ அலுவலகத்தார், அடுக்ககத்தார், சங்கத்தார் என்று பட்டியல் நீளும். மூன்றாம் ஊர் என்றால், “அவ்வளவு தொலைவு வர இயலவில்லை” என்று வராதவரும் மனநிறைவோடு வாழ்த்தி விடுவர். அழைக்காதவரும் குறை கூறார்.

இரண்டாம் நன்மை, இரு வீட்டாரும் சமநிலையில் நிற்பது. பெண் வீட்டார் ஊரில் மணம் நடந்தால் பெண்ணின் தந்தை பந்தியில் அமரவே மாட்டார். காப்பியில் சர்க்கரை குறைந்தது முதல் தலையணை உறை அழுக்கானது வரை அனைத்துக்கும் அவரே பொறுப்பு. பொது ஊரிலோ இரு வீட்டாரும் விருந்தாளிகள். மண்டபத்துக்காரரிடம் இருவரும் சேர்ந்தே குறை சொல்வர். அதிலேயே சம்பந்திகளுக்குள் ஒற்றுமை தொடங்கிவிடும்! மணமக்களில் ஒருவர் தமிழராகவும் மற்றவர் மராட்டியராகவோ வங்காளியராகவோ இருக்கும் திருமணங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. அத்தகைய மணங்களுக்கு இச்சமநிலை மிகவும் இன்றியமையாதது.

மூன்றாம் நன்மையே நமக்கு மிகவும் பெரிதாய்த் தோன்றுகிறது. நம் பிள்ளைகளுக்குச் சுற்றம் தெரியாது. தில்லியில் ஒரு சித்தப்பா, பெங்களூரில் ஓர் அத்தை, புனேயில் ஒரு மாமா என்று உறவு இந்தியப் படத்தில் சிதறிக் கிடக்கிறது. காலையில் வந்து தாலி கட்டும்போது அட்சதை போட்டு, மதியம் உண்டு, மாலை வண்டி ஏறும் திருமணத்தில் உறவு ஒட்டுவதில்லை. ஒரே விடுதியில் இரண்டு இரவு தங்கும்போது, இரவு பன்னிரண்டு மணிவரை கூடத்தில் பாய் விரித்துப் பேசும்போது, எவர் எவருக்கு என்ன முறை என்பதைக் குழந்தைகள் தாமே கற்றுக்கொள்கின்றனர். அத்தை மகள் யார், பெரியப்பா மகன் யார் என்று நாம் ஆண்டு முழுவதும் சொல்லிக் கொடுத்தாலும் வராத பாடம் அது.

நான்காவது, கோயிலும் மண்டபமும் சமையலும் மேளமும் பூவும் ஒரே இடத்தில் கிட்டுவது. முகூர்த்த ஊர்களில் இவையனைத்தும் தலைமுறை தலைமுறையாய் நடந்துவரும் தொழில்கள். மதுரை மல்லிகைக்கு 2013-இலும், நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அவை விளையும் மண்ணுக்கே நாம் சென்று மணம் நடத்தினால் நமக்கும் மலிவு. பூக்கட்டுவோர்க்கும் மேளக்காரர்க்கும் வாழ்வு.

செலவு குறையும் என்பதை நாம் நன்மைகளில் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடுமாதலின் எடுத்துக்காட்டாக மட்டும் கொள்க.

ஊரில் 900 இலை போடுவதாகவும், இலைக்கு ரூ.300 என்றும் வைத்தால் ரூ.2,70,000 ஆகும். வெளியூரில் 130 பேர் என்று கொள்வோம். இரண்டு நாளில் நான்கு வேளை சாப்பாடு, வேளைக்கு ரூ.300 என்றால் ரூ.1,56,000. தங்குவதற்கு 40 அறை, இரண்டு இரவு, அறைக்கு ரூ.1,500 என்றால் ரூ.1,20,000. ஆகக்கூடி ரூ.2,76,000. ஊர்க் கல்யாணத்தைவிட ரூ.6,000 கூடுதல்! அதே கணக்கை 80 பேருக்குப் போட்டால், சாப்பாடு ரூ.96,000, 25 அறைக்கு ரூ.75,000, கூட்டினால் ரூ.1,71,000. ஆக, ஊர் மாறினால் செலவு குறையாது. தலை குறைந்தால்தான் குறையும். அறை வாடகை என்னும் மறைமுகச் செலவை மறந்து, “வெளியூர்க் கல்யாணம் சிக்கனம்” என்று இறங்குவோர் பின்னர் விழிப்பர்.

இம்மூன்றாம் வழியில் ஒரு குடும்பம் நடந்த கதையைச் சொல்லுகிறோம். நம் சங்கத்து அன்பர் ஒருவர், பெயர் வேண்டாம். பூர்வீகம் ஆலங்குளத்தை அடுத்த ஒரு சிற்றூர். அவருக்கு இரு பெண்கள். மூத்தவள் திருமணத்தை எட்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரில் நடத்தினார். 900 இலை விழுந்தது. ஊரார் மெச்சினர். அப்பெருமைக்குக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவர் வாங்கிய தொகை 60 தவணைகளாய்ச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. கடைசித் தவணை கழிந்தபோது பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான்.

இளையவளுக்கு மணம் பேசி முடிந்தது. பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரார், புனேயில் வாழ்பவர்கள். அன்பர் மறுபடியும் கடன் படிவம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, இன்னும் ஓர் அறுபது தவணை வேண்டாம். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சு வருஷம் நீங்க ஊருக்கே போகலை. டிக்கெட்டுக்குக் காசில்லைன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சம்பந்தியுடன் தொலைபேசியில் கலந்து பேசினார். ஆலங்குளத்தார்க்கும் கோவையார்க்கும் இடைப்பட்ட ஊர் மதுரை. முருகன் மணக்கோலத்தில் அமர்ந்த தலம் திருப்பரங்குன்றம். அங்கே கோயிலில் தாலி, அருகில் ஒரு சிறு மண்டபத்தில் விருந்து என்று முடிவாயிற்று. வீட்டுக்கு நாற்பது பேர்; ஆக 80 பேர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஊரில் அன்பரின் தாயார் இருக்கிறார், வயது 82. செய்தி கேட்டதும் அவ்வம்மையார் சொன்னது இது: “என் வாசல்ல பந்தக்கால் நடாம என் பேத்திக்குக் கல்யாணமா? அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டீங்களா?”

இச்சொல்லை முதியவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடல் எளிது. நாம் அவ்வாறு தள்ளமாட்டோம். ஊரில் தங்கிய முதியோர்க்கு நாம் ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் விருந்தாளிகள். திருமணம் ஒன்றுதான் அவர்கள் தம் வாசலில், தம் தெருவார் முன்னிலையில், “என் பிள்ளைகள் என்னை விட்டுப் போய்விடவில்லை” என்று காட்டும் வாய்ப்பு. பந்தலை வேறூருக்கு எடுத்துச் செல்லும்போது அவ்வாய்ப்பையும் நாம் எடுத்துச் செல்கிறோம். வெளியூர்த் திருமணத்தின் உண்மையான விலை இதுவே. பட்டியலில் வராத விலை.

மொய்யும் அவ்வாறே. மொய் என்பது வெறும் அன்பளிப்பன்று; வட்டியில்லாக் கடனும் சேமிப்பும் கலந்த ஓர் ஏற்பாடு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்தென்றே தனியாக நடத்துவது அனைவரும் அறிந்தது. முப்பது ஆண்டுகளாய் ஊரார் வீட்டு விசேஷங்களுக்கு மொய் எழுதிய ஒரு குடும்பம், தன் முறை வரும்போது ஊரை அழையாவிட்டால், பணமும் திரும்பாது, “எங்கள் காசு வேண்டாம் என்று விட்டீர்களோ?” என்னும் வருத்தமும் மிஞ்சும்.

அன்பர் என்ன செய்தார்? முதற்பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்கும் பொறுப்பைத் தாயாரிடம் கொடுத்தார். முகூர்த்தக்காலை ஊரில் தாயார் வாசலிலேயே நட்டார். தெருப் பெண்கள் வந்து மஞ்சள் குங்குமம் இட்டனர். தாலியும் கூறைப்புடவையும் அவ்வீட்டுச் சாமியறையில் இருந்து, அம்மையாரின் மடியில் மதுரைக்கு வந்தன. திருப்பரங்குன்றத்தில் அவர் கையால் தொட்டுக் கொடுத்த தாலியே கழுத்தில் ஏறியது. மூன்றாம் நாள் மணமக்கள் ஊருக்கு வந்தனர். 200 இலையில் ஊருக்கு ஒரு விருந்து. மொய் நோட்டும் அங்கே திறந்தது. அம்மையார் திண்ணையில் அமர்ந்து, வந்தவர்க்கெல்லாம் மதுரைப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. இம்முறையும் கடன் வாங்கவே செய்தார் அன்பர். ஆனால் தவணை 18.

இக்கதையால் நாம் அறிவது என்ன? தாலி கட்டும் இடம் மாறலாம். முதியோரின் வாசலும் ஊராரின் இலையும் மாறலாகாது. இவ்விரண்டையும் காத்துக்கொண்டால் வெளியூர்த் திருமணம் நன்மையே தரும். காவாவிட்டால் அது ஊரை விட்டு ஓடுவதாகவே கருதப்படும்.

இனி நம் துறை சார்ந்த சில குறிப்புகள். இவற்றை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாளை விட்டு 60 நாளை எண்ணிக்கொள்க. ஆகவே முகூர்த்தம் குறித்த அன்றே வண்டி ஏறும் நாளையும், முன்பதிவு திறக்கும் நாளையும் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் அவ்வாறே. போகும் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது தட்கலை நம்பித் தவிப்போரை ஆண்டுதோறும் காண்கிறோம்.

ஒரு படிவத்தில் ஆறு பேருக்கு மேல் சீட்டுப் பெற இயலாது. கல்யாணக் கூட்டமாகச் செல்வோர், பெயர்ப்பட்டியலும் அழைப்பிதழ் நகலும் இணைத்துக் கோட்ட வணிகப் பிரிவு அதிகாரிக்கு விண்ணப்பித்து, மொத்த முன்பதிவுக்கு இசைவு பெறலாம். பெட்டி முழுவதையும் எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. பயணத்துக்கு ஆறு திங்கள் முன்பு முதல் முப்பது நாள் முன்பு வரை பதியலாம். பெட்டி ஒன்றுக்கு ரூ.50,000 முன்வைப்புக் கட்ட வேண்டும். கட்டணமும் சாதாரணச் சீட்டைவிடக் கூடுதலாகும். பெட்டி நிறைய ஆள் இருந்தாலன்றி இதில் இறங்க வேண்டா.

முதியோர்க்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமல்லவா? அறுபது வயது நிறைந்த ஆடவர்க்கும், நாற்பத்தைந்து வயது நிறைந்த மகளிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரு சீட்டில் இருந்தால்தான் அது செல்லும். பாட்டியைப் பேரப்பிள்ளைகளோடு ஆறு பேர் சீட்டில் சேர்த்துவிட்டால் ஒதுக்கீடு கிட்டாது. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தனிச்சீட்டு எடுங்கள்.

பலர் அறியாத ஒரு விதியும் உண்டு. கல்யாணக் கூட்டத்தில் ஒருவர் வர இயலாமற்போனால், அவர் இடத்தை வேறொருவர்க்கு மாற்றலாம். கூட்டத்தின் தலைவராகக் கருதப்படுபவர், வண்டி புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மொத்தப் பேரில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மாற்ற இயலாது. ஒருவர் இடத்தை ஒருமுறைதான் மாற்றலாம். பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள், கணவன் மனைவி ஆகியோருக்குள் மாற்றுவதாயின் 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்தால் போதும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையிலேயே சென்று சேரும்படி வண்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாகபுரியிலிருந்து சென்னைக்கே ஏறத்தாழ 1,090 கி.மீ. உண்டு, மதுரை அதற்கும் அப்பால். நிஜாமுதீனிலிருந்து கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் விரைவு வண்டி நாகபுரி, மதுரை இரண்டையும் தொட்டுச் செல்லும். ஆனால் அது நாள்தோறும் ஓடுவதன்று. தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர், வந்து சேருமுன் தாலி கட்டி முடிந்துவிட்டதாகக் கேட்டு வைகையோடு திரும்பினார் என்பது மதுரைப் பக்கத்துக் கதை. ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் அவருக்கு அக்குறை நேர்ந்திராது!

அடுத்து, கோயில். எந்தக் கோயிலாயினும் இடைத்தரகரை நாடாமல் கோயில் அலுவலகத்திலேயே விசாரிக்க வேண்டும். மணமக்களின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, முன்பு மணமாகாதவர் என்பதற்கான சான்று, புகைப்படம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பர். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வசதி குறைந்தோர்க்கு ஒரு செய்தி: திருமலையில் தேவஸ்தானத்தாரின் கல்யாண வேதிகை மண்டபத்தில் கட்டணமின்றித் திருமணம் நடத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. சென்னை செல்லும் நம் இருப்புப்பாதை கூடூரைத் தொடுகிறது. அங்கிருந்து திருப்பதிக்குக் கிளைப்பாதை செல்கிறது. நாகபுரி வாசிகளுக்கு இது மிகவும் வாய்ப்பான வழி.

கடைசியாகப் பதிவு. திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கு நடைபெற்ற திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். “நாகபுரிக்குச் சென்றபின் பார்த்துக்கொள்வோம்” என்று விட்டுவிட்டால், ஒரு கையெழுத்துக்காக மறுபடியும் மதுரைக்கு வண்டியேற நேரும். மணம் நடந்த இடத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில், திரும்புமுன்பே முடித்துவிடுங்கள். கோயில் இரசீதும் அழைப்பிதழும் சாட்சிகளும் அப்போது கையருகே இருக்கும். சாதியோ சமயமோ கடந்து 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: மணமக்களில் ஒருவரேனும் முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்திலேயே அறிவிப்புத் தர வேண்டும், அறிவிப்புக்குப் பின் முப்பது நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே அவர்கள் வாழும் ஊரிலேயே பதிவை முடித்துவிட்டு, விழாவை விரும்பிய ஊரில் நடத்துவதே தக்கது.

இவ்வளவும் கூறியபின் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வெளியூர்த் திருமணம் எல்லார்க்கும் ஏற்றதன்று. படுக்கையிலிருக்கும் தாய் தந்தையர் உள்ள வீட்டார், அவர்கள் இருக்கும் இடத்திலேயே பந்தல் போடுவதே அறம். மருமகள் முகத்தை ஒரு முதியவர் காணாமற் போவாராயின், எந்த ஏரிக்கரையின் எழிலும் அதற்கு ஈடாகாது. அவ்வாறே, நான்கு பேர் மெச்ச வேண்டும் என்பதற்காக அரண்மனை விடுதியை நாடுவோர்க்கும் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரார் மெச்சுவதற்காகப் பட்ட கடன் ஊரிலே பட்டாலென்ன, உதயபுரியிலே பட்டாலென்ன? தவணை ஒன்றுதானே!

பந்தல் எந்த ஊரில் என்று கேட்பதற்கு முன், யார் யார் அங்கே அமர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் பத்துப் பெயர்களும் எந்த ஊருக்கு எளிதாய் வந்துசேர முடியுமோ, அவ்வூரே உங்கள் முகூர்த்த ஊர். அது சொந்த ஊராயினும் சரி, நாகபுரியாயினும் சரி, மூன்றாம் ஊராயினும் சரி, மணமக்கள் நீடு வாழ்க!

அடுத்த திங்கள் இப்பகுதியில், பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வழி பற்றிப் பேசுவோம். அன்பர்கள் தம் அனுபவங்களை எழுதியனுப்ப வேண்டுகிறோம்.